முழுசா படிக்காதீங்க பாஸ்!

உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது!

இரண்டு வெப்சைட். இரண்டுமே அமெரிக்கக் குழந்தைநல டாக்டர்களின் சங்கங்களுடையது. ஒன்று ‘அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்’. இன்னொன்று ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ்’. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் சேர்ந்து கேலி பண்ணி, மிரட்டி வதைக்கிறார்களே... அதைப் பற்றி இரண்டிலும் ஒரு கட்டுரை இருக்கிறது. இரண்டுக்கும் அழகான லோகோ, இரண்டுக்கும் ‘டாட் ஆர்க்’ முகவரி. பத்து நிமிஷம் டைம். கூகுளில் தேடலாம், வேறு சைட்டுக்கும் போகலாம். எதை நம்புவீங்க?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இரண்டு கல்வி ஆராய்ச்சியாளர்கள். 2017-ல் வெளியான ஆய்வு இது. பரீட்சைக்கு உட்கார்ந்தவர்கள் மூன்று செட். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். டாக்டர் பட்டம் வாங்கிய வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர். பத்திரிகைகளில் தகவல் சரிபார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஃபேக்ட் செக்கர்கள் 10 பேர்.

அகாடமி 1930-ல் ஆரம்பித்தது. அறுபதாயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள். குழந்தை மருத்துவத்தின் முக்கியமான ஆய்விதழை நடத்துவதும் அதுதான். காலேஜ் என்பது 2002-ல் பிரிந்துபோன ஒரு சின்ன கோஷ்டி. ஓரினத் தம்பதிகள் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று அகாடமி சொன்னது பிடிக்காமல் வெளியேறியவர்கள். உறுப்பினர்கள் சில நூறு பேர்தான். ஃபேக்ட் செக்கர்கள் பத்துப் பேரும் சரியாக அகாடமி பக்கம் நின்றார்கள். பேராசிரியர்களில் பாதிப் பேர். மாணவர்களில்? ஐந்தில் ஒருவர்!

உலகத்தின் டாப் யுனிவர்சிட்டியில் சீட் வாங்கிய மூளைகள். ஆயுசு முழுக்க பழைய ஆவணங்களில் எது அசல், எது போலி என்று பார்த்துப் பழகிய பேராசிரியர்கள். எங்கே கோட்டை விட்டார்கள்?

அவர்கள் செய்தது ரொம்ப ‘நல்ல’ காரியம். கட்டுரையை மேலிருந்து கீழே வரை கவனமாகப் படித்தார்கள். அடிக்குறிப்பு இருக்கிறதா, தேதி இருக்கிறதா, விளம்பரம் தொந்தரவு பண்ணுகிறதா என்று பார்த்தார்கள். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைப் படித்துத் தலையாட்டினார்கள். ஆனால் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை எழுதுவது யார்? அவர்களேதானே! பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே விசாரித்தால் என்ன பதில் வரும்? ‘டாட் ஆர்க்’ முகவரியும் அப்படித்தான். பணம் கட்டினால் உங்கள் தெரு கிரிக்கெட் டீமுக்கும் ஒன்று கிடைக்கும்.

ஃபேக்ட் செக்கர்கள் கட்டுரையைப் படிக்கவே இல்லை. உள்ளே வந்தார்கள், பெயரைப் பார்த்தார்கள், சில நொடிகளில் வெளியே! புது டேப், இன்னொரு டேப், இன்னொன்று... ‘இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?’ இது ஒன்றுதான் அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான், தேவைப்பட்டால், கட்டுரைக்குத் திரும்பினார்கள். மேலிருந்து கீழே போகாமல் பக்கவாட்டில் போவதால் இதற்கு ‘லேட்டரல் ரீடிங்’ என்று பெயர். தேடியபோதும் முதல் ரிசல்ட்டில் பாயவில்லை. ஸ்க்ரோல் பண்ணி, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று நிதானமாகப் பார்த்த பிறகே கிளிக். இப்போதெல்லாம் தேடினால் மேலேயே ஏ.ஐ. ஒரு பதிலை எழுதி வைத்துவிடுகிறது. அதுக்கும் கீழே இறங்க இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நமக்கு இது கஷ்டமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ‘ஒரு வரி விடாமப் படி’ என்றுதானே ஒண்ணாம் கிளாஸிலிருந்து வளர்த்தார்கள்? பாடப்புத்தகத்துக்கு அது சரி. எழுதியது யார், காசு கொடுத்தது யார் என்று நாம் கேட்க வேண்டியதே இல்லை, அதையெல்லாம் ஒரு குழு பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குப் போகிறது. போனில் வருவதை அப்படி யாரும் பார்ப்பதில்லை. புத்தகத்துக்குப் பழகிய கண்ணோடு நாம் போனைப் படிக்கிறோம். பிரச்னை அங்கேதான்.

‘நாங்க போனோடயே பொறந்த ஜெனரேஷன், எங்களுக்குத் தெரியாதா?’ என்கிறீர்களா? அதே ஸ்டான்ஃபோர்டு குழு 2019-ல் அமெரிக்கா முழுக்க 3,446 ஹைஸ்கூல் மாணவர்களுக்கு ஒரு மங்கலான வீடியோவைக் காட்டியது. ஓட்டுப்பெட்டியில் கள்ள ஓட்டுத் திணிக்கும் காட்சி. அமெரிக்கத் தேர்தலில் மோசடி நடந்ததற்கு இது வலுவான ஆதாரம் என்று 52 சதவிகிதம் பேர் சொன்னார்கள். உண்மையில் அது ரஷ்யாவில் எடுத்தது! சரியாகத் தேடி மூலத்தைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்றே பேர்.

அது அமெரிக்காக்காரன் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போனது ஒரு குடும்பம். அதில் இருந்த வயதான அம்மா, வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ‘பிள்ளை பிடிக்கிற கும்பல் சுத்துது’ என்று அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த வதந்தி, ஊரையே திரட்டியது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். அந்த வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றிய ‘கடத்தல்’ வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் காட்டும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள்.

2023 மார்ச்சில் அடி திசை மாறி விழுந்தது. ‘தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள்’ என்று வீடியோக்கள் பறந்தன. ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்குள்ளேயே நடந்த தகராறு. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. தமிழக டி.ஜி.பி. விளக்கம் சொன்னார், பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. அதற்குள் பயந்துபோன எத்தனையோ பேர் ரயில் ஏறியிருந்தார்கள்.

சரி, ‘செக் பண்ணிட்டு ஷேர் பண்ணுங்க’ என்று ஒரு தடவை சொன்னால் ஜனங்கள் மாறிவிடுவார்களா? இதற்கு அந்த பீகாரிலேயே பதில் இருக்கிறது. 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயம், சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் 1,224 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார். வீடு தேடிப் போய், எதிரில் உட்கார்ந்து, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பாடம். ரிசல்ட்? மொத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆளும் கட்சி ஆதரவாளர்களோ, தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யைக் கண்டுபிடிப்பதில் முன்பைவிடப் பின்தங்கினார்கள்!

எனக்கு இந்தத் தோல்விதான் ரொம்பப் பிடித்த பகுதி. ஏனென்றால் நம் காலேஜ்களில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் அச்சு அசல் இதேதான். ஆடிட்டோரியம், சிறப்பு விருந்தினர், பொன்னாடை, ஒரு மணி நேரப் பேச்சு, கடைசியில் சமோசா.

அவர் விடவில்லை. வேறு சில ஆய்வாளர்களோடு சேர்ந்து மறுபடியும் பீகாருக்கே போனார். இந்த முறை 583 கிராமங்கள், 13,500-க்கும் மேல் டீன்ஏஜ் மாணவ மாணவிகள். மாநில அரசின் ‘ஜீவிகா’ திட்டத்தோடு கைகோத்து, நூலகங்களில் வகுப்பு. ஒரே நாளில் கொட்டாமல், இடைவெளி விட்டு, சில மாதங்களில் நான்கு வகுப்புகள். பாதிப் பேருக்கு இந்தப் பாடம், ஒப்பிட்டுப் பார்க்க மீதிப் பேருக்கு இங்கிலீஷ் வகுப்பு. 2025-ல் வெளியான முடிவைப் பார்த்தால் ஆச்சரியம்! மெய் எது, பொய் எது என்று பிரிப்பதில் பாடம் கேட்டவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். நான்கு மாதம் கழித்து விசாரித்தபோதும் மறந்திருக்கவில்லை. வகுப்பில் நடத்தாத அரசியல் செய்திகளையும் சரியாக எடைபோட்டார்கள். வகுப்புப் பக்கமே வராத அப்பா, அம்மாவும் தேறியிருந்தார்கள்!

அமெரிக்காவில் லிங்கன் என்ற ஊரிலும் இதே கதைதான். 50 நிமிஷ வகுப்பு ஆறு, மாணவர்களிடம் நல்ல முன்னேற்றம். பக்கத்து கேரளாவில் கண்ணூர் கலெக்டராக இருந்த மீர் முகமது அலி, தடுப்பூசி பற்றிய வதந்திகளால் நொந்துபோய், 2018-லேயே 150 அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் இப்படி வகுப்பு ஆரம்பித்தார். ஆக, இது அறிவு சமாச்சாரம் இல்லை, பழக்க சமாச்சாரம். சைக்கிள் மாதிரி. லெக்சர் கேட்டு யாரும் சைக்கிள் ஓட்டியது கிடையாது.

உங்கள் டிபார்ட்மென்டில் இதை ஆரம்பிக்க பட்ஜெட் வேண்டாம், சமோசாகூட வேண்டாம். வாரம் ஒரு பீரியட், ஆளுக்கு ஒரு போன். அந்த வாரம் வந்த ‘மாணவர்களுக்கு இலவச லேப்டாப், இந்த லிங்கைத் தட்டுங்க’ ரக ஃபார்வர்டு ஒன்று. ரெண்டு ரெண்டு பேராகப் பிரிந்து, இரண்டு நிமிஷத்தில் அதன் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். போட்டோவாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டு, முதலில் எப்போது எங்கே வந்தது என்று பாருங்க. ஏ.ஐ. வரைந்த படம் என்றால் லென்ஸ் கைவிரிக்கலாம். அப்போது சம்பவத்தைத் தேடுங்க, அவ்வளவு பெரிய விஷயத்தை வேறு யாருமே எழுதவில்லையா?

ஃபேமிலி குரூப்பில் மட்டும் கொஞ்சம் பக்குவம் தேவை. அத்தை, மாமா எல்லார் முன்னாடியும் ‘சித்தப்பா, இது ஃபேக்’ என்று போட்டு அவர் மானத்தை வாங்காதீங்க. தனியா மெசேஜ் பண்ணி, எப்படித் தேடினீங்க என்று ஸ்கிரீன்ஷாட்டோடு காட்டுங்க.

அப்புறம் ஒரு விஷயம். சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ, சுமித்ரா பத்ரிநாதன் என்று இந்தப் பக்கத்தில் பேர் பேராக வந்ததே... நிஜமாவே அப்படியெல்லாம் ஆட்கள் இருக்காங்களா? இவ்வளவு தூரம் படித்து முடிப்பதற்குள் ஒரு டேப் திறந்து பார்த்தீங்களா, இல்லையா?