வேருக்கு அப்பால் ஒரு வேர்

நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளைகிறது. கும்பப்பூ அறுவடைக்குப்பின் மண்ணில் எஞ்சும் ஈரத்தைக் கொண்டு உளுந்தும் சிறுபயறும் பயிரிடுவதுண்டு. பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம், காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. இதற்குப் பேராற்றல் வேண்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை அம்மோனியாவாக மாற்றக் குறைந்தது 16 ஏ.டி.பி. மூலக்கூறுகள் செலவாகின்றன. ஏ.டி.பி. உருவாகப் பாஸ்பரஸ் இன்றியமையாதது. உழவர்கள் அதனை மணிச்சத்து என்பர். எனவே, மணிச்சத்துக் குறைந்தால் தழைச்சத்தும் குறையும்.

இருந்தும் எட்டாத சத்து

குமரி மாவட்டத்தில் செம்மண்ணும் சரளை மண்ணும் பரவிக் கிடக்கின்றன. அமிலத்தன்மை மிக்க இத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொள்கின்றன. வேரானது தன்னை ஒட்டியுள்ள ஓரிரு மில்லிமீட்டர் அளவு மண்ணிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டபின், அப்பாலுள்ளது எளிதில் நகர்ந்து வருவதில்லை. இட்ட உரம் மண்ணில் இருக்க, பயிர் பசியால் வாடும்.

பூஞ்சையின் துணை

இக்குறையைப் போக்குவது வேர் உட்பூசணம் என்னும் பூஞ்சை. பூஞ்சைக்கும் வேருக்குமான இக்கூட்டு வாழ்வுக்கு 1885ஆம் ஆண்டு செருமானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிராங்க், ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்டார். ‘பூஞ்சைவேர்’ என்பது அதன் பொருள். பூஞ்சை வேரின் செல்லுக்குள் நுழைந்து சிறு மரம்போல் கிளைக்கிறது. அதன் இழைகள், வேர்த்தூவியினும் மெல்லியனவாய், மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தொலைவு பரவுகின்றன. அவை மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொணர்ந்து தர, பயிர் சர்க்கரையையும் கொழுப்பையும் ஈடாக வழங்குகிறது.

நெல்லுக்குப்பின் பயறு

நீர் தேங்கும் நெல்வயலில் காற்றோட்டம் குன்றுவதால் இப்பூஞ்சையும் குறைகிறது. ஆதலால், அடுத்து வரும் பயற்றின் வேருக்குத் துணை கிடைப்பது அரிதாகிறது. இங்கேதான் உயிர் உரம் பயன்படுகிறது. உயிருள்ள வேரின்றி இப்பூஞ்சை பெருகாது. எனவே, மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் வளர்த்து, அவ்வேரோடும் மண்ணோடும் சேர்த்தே இதனை உரமாக்குகின்றனர். வரிசையில் விதைக்கும்போது, விதைக்குக் கீழே 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டால், முளைத்த வேர் உடனே பூஞ்சையைத் தொடும். விதையை ரைசோபியத்துடன் கலந்து விதைத்தால் இரு நுண்ணுயிரிகளும் ஒன்றுக்கொன்று உதவும்.

இப்பூஞ்சை சத்தைப் படைப்பதில்லை. இருப்பதைத் தேடித் தருகிறது. ஆகவே, தொழுவுரம் இடுவதைக் கைவிடலாகாது. மணிச்சத்து உரத்தை மிகுதியாக இட்டாலோ, பயிர் பூஞ்சையை நாடுவதில்லை. பாஸ்பேட் பாறை, தோண்டத் தோண்டக் குறையும் செல்வம். இந்தியா தன் தேவையின் பெரும்பகுதியை அயல்நாடுகளிலிருந்தே பெறுகிறது. நம் மண்ணில் முடங்கிக் கிடக்கும் சத்தைப் பயிருக்குக் கிட்டச் செய்வது, உழவரின் செலவைக் குறைக்கும். வருந்தலைமுறைக்கும் வளத்தை மிச்சமாக்கும்.