பொத்தானை அழுத்தியும் வண்டி கிளம்பவில்லையா?

விடியற்காலை ஐந்து மணி. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளின் பொத்தானை அழுத்துகிறோம். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்றைய கூலி போகிறது. இதுவே நள்ளிரவாக இருந்து, பிள்ளைக்குக் காய்ச்சலும் கண்டிருந்தால் நம் தவிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் லயத்தில் ஒருவர், இப்படி வண்டி நின்றதும் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கி மாட்டினார். மூன்றாம் நாளே வண்டி மறுபடி நின்றது. பேட்டரியிலிருந்து வண்டிச் சட்டத்திற்குப் போகும் கம்பியின் மறுமுனை துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. அதுதான் கோளாறு! ஆகவே, முதலில் பார்ப்போம், பிறகு வாங்குவோம்.

குழாயில் பாதி அடைப்பு இருந்தால் ஒரு குவளை நீர் பிடிக்கலாம், குளிக்க முடியாது. மின்சாரமும் அப்படித்தான். சிறு விளக்குக்குக் கொஞ்சம் போதும். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கோ நிறைய வேண்டும். விளக்கு எரிவதால் மட்டும் பேட்டரி நல்லது என்று சொல்லிவிட முடியாது.

சாவியைத் திருப்பி ஹாரனை அடித்துப் பாருங்கள். பல சிறு வண்டிகளில் முன்விளக்கு எஞ்சின் ஓடினால்தான் எரியும். அதனால் ஹாரனே நல்ல சாட்சி.

ஹாரனும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் ஃபியூஸையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள்.

ஹாரன் முனகுகிறது, பொத்தானை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்கிறது என்றால் பேட்டரி இளைத்திருக்கிறது, அல்லது முனை தளர்ந்திருக்கிறது.

ஹாரன் பலமாக ஒலித்தும் பொத்தானுக்கு அசைவில்லையா? கியர் நியூட்ரலில் உள்ளதா, சைடு ஸ்டாண்ட் மடங்கியதா, பிரேக்கைப் பிடித்தீர்களா என்று பாருங்கள். சில வண்டிகள் இவை சரியாக இருந்தால்தான் கிளம்பும். பிறகே ரிலேயையும் பொத்தானையும் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சின் வேகமாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோலையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள்.

மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. இரவு முழுதும் ஓய்ந்த 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 காட்டினால் நிறைவு. 12-க்கும் கீழே போனால் ஏறக்குறையக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் புதிய பேட்டரியும் சீக்கிரமே வற்றிப்போகும்; பட்டறையில் சார்ஜ் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் கறுப்புக் கம்பியையும் பிறகு சிவப்புக் கம்பியையும் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, இறுக்குங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில். பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயுவும் வெளிவரும். அருகில் சுருட்டோ நெருப்போ கூடாது. பிள்ளைகளும் தள்ளி நிற்கட்டும்.

இன்னொன்று. எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது வண்டியையே கொளுத்திவிடும். அதே அளவு ஃபியூஸ் ஒன்றை எப்போதும் இருக்கைக்கடியில் வைத்திருங்கள்.

பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். சற்று ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். உதைகட்டை உள்ள வண்டியை உதைத்துக் கிளப்பலாம். ஆனால் பெட்ரோலைப் பீய்ச்சும் புதுவகை வண்டிகளில், பேட்டரி அடியோடு வற்றினால் உதையும் பலிக்காமல் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுத்து, முனைகளைப் பார்த்து வைப்போம். திங்கட்கிழமை பெரட்டுக்கு வண்டி நம்மை ஏமாற்றாது.