கண்ணால் காணாத கடையில் குழந்தைக்கு வாங்கும்போது...

எங்கள் தெருவில் காலையில் பால்காரர் குரல் கேட்கும், பத்து மணிக்கு மேல் "பார்சல்!" என்ற குரல்தான். ஃபிளிப்கார்ட் 2007-ல் புத்தக வியாபாரத்தோடு ஆரம்பித்தது. 2010-ல் 'பொருளைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கும்' ஏற்பாடு வந்ததும் நம்மவர்களுக்குத் தைரியம் வந்தது. இன்று பருப்பிலிருந்து பட்டுப் புடவை வரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் அலைய வேண்டாமென்பது லேசான விஷயமா, சொல்லுங்கள்!

"தொட்டுப் பார்க்காம, மோந்து பார்க்காம என்னத்தடி வாங்கறீங்க?" என்று எதிர்வீட்டு மாமி கேட்பார். நியாயமான கேள்விதான். குழந்தைக்கு வாங்கும்போது இன்னும் நியாயம்.

விளையாட்டுச் சாமான்களையே எடுத்துக்கொள்வோம். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டுமென்பது 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து கட்டாயம். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? அதற்குத்தான் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலி இருக்கிறது. செல்போனில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். முத்திரையின் கீழே 'சி.எம்./எல்.' என்று ஆரம்பிக்கும் லைசென்ஸ் எண் இருக்கும். அதை அதில் தட்டினால் தயாரித்தவர் பெயர், விலாசம், லைசென்ஸ் செல்லுமா என்பதெல்லாம் வந்துவிடும். பாட்டுப் பாடும் பொம்மை ஒன்று வந்தபோது நான் தட்டிப் பார்த்தேன். வேறு யாரோ தயாரிப்பாளர் பெயர் வந்தது! மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டேன்.

பாட்டரி மூடியையும் பாருங்கள், திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். பித்தான் மாதிரி இருக்கும் அந்தச் சின்ன பாட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தியெடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாமென்று காத்திருக்கவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே.

தின்பண்டப் பாக்கெட் என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா பாருங்கள். நகை என்றால் ஹால்மார்க்கோடு ஆறெழுத்து அடையாளம் இருக்கும். அதையும் அதே பி.ஐ.எஸ். செயலியில் சரிபார்க்கலாம்.

பொருளைத் திருப்பிய பிறகு, "உங்க பணம் வருதும்மா, ரகசிய எண்ணைப் போடுங்க" என்று யாராவது ஃபோனில் இனிக்க இனிக்கப் பேசினால், சட்டென்று வைத்துவிடுங்கள். யு.பி.ஐ.யில் ரகசிய எண் பணம் கொடுக்கத்தான். வாங்குவதற்கு அது தேவையே இல்லை. பணம் போயே போய்விட்டதென்றால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பொருளில் குறையென்றால் முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுதுங்கள். 2020-ல் வந்த விதிப்படி, புகார் கிடைத்ததென்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும். மழுப்பினால் 1915 என்ற நுகர்வோர் எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

இதற்கெல்லாம் பில் வேண்டும். அட்டைப்பெட்டியையும் ஒரு மாதமாவது எறியாதீர்கள். எங்கள் வீட்டுப் பரண் முழுக்கப் பெட்டிதான். "கரப்பான்பூச்சிக்கு வாடகை வீடு கட்டறியா?" என்று இவர் தினமும் முணுமுணுக்கிறார்.