தொலைதூர ரயில் பயணம்: புறப்படும் முன்

இரவு 10 மணி. ரயில் நிலையத்தில் ஒரு குடும்பம் காத்திருந்தது. கணவர், மனைவி, வயதான மாமியார், இரண்டு குழந்தைகள். கையில் டிக்கெட் இருந்தது. அதில் 15ஆம் தேதி என்று போட்டிருந்தது. வண்டி நேரம் 00.15 என்று இருந்தது. அன்றைக்குத் தேதியும் 15தான்.

நள்ளிரவு தாண்டியது. வண்டி வந்தது. பெட்டியில் ஏறினார்கள். அவர்கள் இடத்தில் வேறு ஆட்கள் படுத்திருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார்.

"அம்மா, இது நேற்று ராத்திரி வண்டிக்கு எடுத்த டிக்கெட். உங்கள் வண்டி போய்விட்டது" என்றார்.

குடும்பம் இறங்கி நின்றது. ஒரு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் போய்விட்டது. வண்டி போன பிறகு உறுதியான டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்காது.

தவறு எங்கே நடந்தது? ரயில்வேயில் 24 மணிக் கணக்கு. இரவு 12 மணி ஆனதும் தேதி மாறிவிடும். 15ஆம் தேதி 00.15 என்றால், 14ஆம் தேதி இரவு 12 மணி அடித்து 15 நிமிடம். 14ஆம் தேதி இரவே நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த டிக்கெட்டைப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது முறை

மறுபடி பணம் சேர்ந்தது. அரையாண்டு விடுமுறையில் டில்லி, ஆக்ரா பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இந்த முறை எல்லா வேலைகளையும் மனைவியே கவனித்தார். ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

சென்னையில் இருந்து புதுடில்லி சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவு புறப்படும். விஜயவாடா, நாக்பூர், போபால், குவாலியர், ஆக்ரா வழியாகச் செல்லும். மூன்றாம் நாள் காலையில் புதுடில்லி சேரும். இரண்டு இரவு, ஒரு முழுப் பகல் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

ஊர் சுற்றும் நாட்களையும் முன்பே எழுதிக்கொண்டார். ஆக்ராவில் தாஜ்மகால் வெள்ளிக்கிழமை திறக்காது. டில்லியில் செங்கோட்டை திங்கட்கிழமை திறக்காது. இது தெரியாமல் போனால் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

முன்பதிவு செய்வது எப்படி?

பயண நாளுக்கு 60 நாள் முன்பே டிக்கெட் எடுக்கலாம். முன்பு இது 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆனது. டிசம்பர் 24 அன்று புறப்பட வேண்டுமா? அக்டோபர் 25 காலை 8 மணிக்கே கவுண்டரில் நிற்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டையும் இங்கேயே எடுக்கலாம். அதற்கு 60 நாள் கணக்கு தனி.

கவுண்டரில் ஒரு படிவம் தருவார்கள். ஒரு படிவத்தில் 6 பேர் வரை எழுதலாம். பெயர், வயது, வண்டி எண், தேதி, ஏறும் ஊர், இறங்கும் ஊர் எல்லாம் எழுத வேண்டும். வண்டி எண்ணில் 5 இலக்கம் இருக்கும்.

5 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். தனி இடமும் கிடையாது. 5 வயது முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். இந்த வீட்டில் பெரியவனுக்கு 10 வயது. அவனுக்குத் தனிப் படுக்கை கேட்டார்கள். சின்னவளுக்கு 4 வயது. அவள் அம்மாவுடன் படுத்துக்கொள்வாள். ஆக 4 படுக்கை.

60 வயது ஆன ஆண்களுக்கும் 45 வயது ஆன பெண்களுக்கும் இடம் இருந்தால் கீழ்ப் படுக்கை கிடைக்கும். அதனால் மாமியாரின் வயதைச் சரியாக எழுதினார்.

டிக்கெட்டைப் படியுங்கள்

டிக்கெட் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகர வேண்டாம். பெயர், வயது, தேதி, வண்டி எண் சரியா என்று அங்கேயே பாருங்கள். மேலே 10 இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் பி.என்.ஆர். எண். அதை நோட்டிலும் எழுதி வையுங்கள்.

சி.என்.எஃப். என்று இருந்தால் இடம் உறுதி. ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டுக் கீழ் இருக்கையில் இருவர் உட்கார்ந்து போகலாம். யாராவது வராவிட்டால் படுக்கை கிடைக்கலாம். டபிள்யூ.எல். என்றால் காத்திருப்போர் பட்டியல். கடைசி வரை அப்படியே இருந்தால் அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு படுக்கை வசதிப் பெட்டியில் ஏறக்கூடாது. 139 என்ற எண்ணுக்குப் போன் செய்து பி.என்.ஆர். எண்ணைச் சொன்னால் நிலவரம் தெரியும்.

எஸ் 4, 33 என்று இருந்தால் பெட்டி எஸ் 4, படுக்கை 33. அது கீழா மேலா என்று அறிய ஒரு சின்னக் கணக்கு உண்டு. எண்ணை 8 ஆல் வகுக்க வேண்டும். மீதி 1 அல்லது 4 என்றால் கீழ்ப் படுக்கை. 2 அல்லது 5 என்றால் நடுப் படுக்கை. 3 அல்லது 6 என்றால் மேல் படுக்கை. 7 என்றால் பக்கவாட்டில் கீழ். மீதி இல்லை என்றால் பக்கவாட்டில் மேல்.

இந்தக் குடும்பத்துக்கு 33, 34, 35, 36 கிடைத்தன. 33ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 1. 36க்கு மீதி 4. இரண்டும் கீழ்ப் படுக்கை. ஒன்று மாமியாருக்கு. மற்றொன்று அம்மாவுக்கும் சின்னவளுக்கும்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

படுக்கை வசதிப் பெட்டியில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணம் இல்லாமல் கொண்டு போகலாம். அதற்காக 40 கிலோ கட்ட வேண்டாம். தூக்க முடிந்ததைத்தான் கட்ட வேண்டும்.

டிசம்பரில் சென்னையில் மின்விசிறி ஓடும். டில்லியில் பல் கிட்டும். ஸ்வெட்டர், சால்வை, காதை மூடும் குல்லாய், காலுறை வேண்டும். அவற்றைப் பையின் மேல்பக்கம் வையுங்கள். மறுநாள் இரவே வண்டியில் தேவைப்படும். ஒரு போர்வையும் வேண்டும்.

முதல் நாளுக்கு எண்ணெய் தடவிய பொடி இட்லி, புளிச்சோறு போதும். தயிர்சோறு சீக்கிரம் புளித்துவிடும். முறுக்கு, பொரி, வாழைப்பழம் மறுநாளைக்கு உதவும். குளிர்காலத்தில் வடக்கே பனிமூட்டம் வரும். வண்டி பல மணி நேரம் தாமதம் ஆகலாம். ஒரு வேளைக்குக் கூடுதலாகத் தின்பண்டம் இருக்கட்டும். தெரியாதவர் தரும் தேநீர், பிஸ்கட் வேண்டாம். மயக்க மருந்து கலந்து கொடுத்துத் திருடுவது உண்டு.

மாமியாரின் மருந்து பெரிய பெட்டிக்குள் இருக்கக்கூடாது. கைப்பையில் இருக்க வேண்டும். அதோடு டிக்கெட், அசல் அடையாள அட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், போன் சார்ஜர், சங்கிலி, பூட்டு. பெட்டியை இருக்கைக்குக் கீழே சங்கிலி போட்டுப் பூட்டலாம். பணத்தை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். குழந்தையின் சட்டைப் பையில் அப்பாவின் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

கொண்டு போகக் கூடாதவை

"வழியில் ஒரு வாய் காபி போட்டுக்கொள்ளலாமே, சின்ன ஸ்டவ் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று மாமியார் கேட்டார். "வேண்டாம் அத்தை" என்றார் மருமகள். காரணத்தையும் சொன்னார்.

2023 ஆகஸ்ட் 26 அன்று விடியற்காலை மதுரையில் ஒரு சுற்றுலா ரயில் பெட்டி நின்றுகொண்டிருந்தது. உத்தரப்பிரதேசத்தில் இருந்து கோயில்களைப் பார்க்க வந்தவர்கள் அதில் இருந்தார்கள். விதியை மீறி உள்ளே எரிவாயு சிலிண்டர் வைத்திருந்தார்கள். பெட்டி தீப்பிடித்தது. 9 பேர் இறந்தார்கள்.

சிலிண்டர், ஸ்டவ், மண்ணெண்ணெய், பெட்ரோல், பட்டாசு எதையும் ரயிலில் கொண்டு போகக்கூடாது. ஓடும் வண்டியில் தீப்பிடித்தால் தப்பி ஓட இடம் இல்லை. கொண்டு போவது குற்றமும் ஆகும். மாமியார் ஸ்டவ்வைத் திரும்பப் பரணில் வைத்தார்.

புறப்படும் நாள்

வண்டி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே நிலையத்தில் இருப்பது நல்லது. எந்த பிளாட்பாரம் என்று பலகையில் பாருங்கள். பைகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் நடுப் படுக்கையை விரிக்கலாம். மற்ற நேரத்தில் எல்லோரும் உட்கார வேண்டும். வண்டியில் திருட்டு, நோய், தொந்தரவு எது என்றாலும் 139க்குப் போன் செய்யலாம்.

அந்தக் குடும்பம் டிசம்பர் 24 இரவு வண்டி ஏறியது. அவர்கள் இடத்தில் யாரும் படுத்திருக்கவில்லை. பெட்டிக் கதவருகே பெயர்ப் பட்டியலைத் தேடவில்லை. யாரிடமும் டிக்கெட்டைக் காட்டி வழி கேட்கவும் இல்லை. "எஸ் 4, 33, இதோ இங்கே" என்று மனைவியே அழைத்துப் போனார்.

உங்கள் வீட்டிலும் பழைய ரயில் டிக்கெட் ஒன்று இருக்கலாம். அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். தேதி எது, வண்டி எண் எது, படுக்கை கீழா மேலா என்று கண்டுபிடியுங்கள்.