கண்டங்கத்திரியும் அதன் பல பெயர்களும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களின் மானாவாரித் தரிசுகளிலும் பாதையோரங்களிலும் தரையோடு படர்ந்து கிடக்கும் முட்செடி கண்டங்கத்திரியாகும். இது கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. உழவர் இதனைக் களையென்று பிடுங்கி எறிவர். ஆயினும், தசமூலம் எனப்படும் பத்து வேர்ச் சரக்குகளில் இதுவும் ஒன்றாதலால், மருந்துச் சரக்கு வியாபாரிகள் இதனை விலைக்குக் கொள்கின்றனர். ஒரே செடியை ஒருவர் ஒரு பெயராலும் மற்றொருவர் வேறொரு பெயராலும் கேட்பதால், சரக்கு மாறி விற்பவருக்கு நஷ்டம் நேரிடக்கூடும்.

ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியான லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்குச் ‘சொலானம் வர்ஜீனியானம்’ என்று பெயரிட்டார். வர்ஜீனியா என்பது அமெரிக்காவிலுள்ள பிரதேசம். செடியோ ஆசியாவுக்கு உரியது. 1768-இல் பர்மன் என்பவர் சூரத் நகரையொட்டி ‘சொலானம் சூரத்தென்ஸ்’ என்றார். 1795-இல் ஷ்ராடர், வெண்ட்லாண்ட் என்னும் இருவர், பழத்தின் மஞ்சள் நிறம் பற்றி ‘சொலானம் சாந்தோகார்ப்பம்’ என்றனர். பின்னர் வில்டெனோ சூட்டிய ‘சொலானம் ஜாக்குவினி’ என்பதும் இச்செடியே.

1753 முதல் வெளியான பெயர்களுள் முந்தியதே செல்லும் என்பது தாவரப் பெயரீட்டு விதி. பெயரின் பொருள் பிழையாயிருப்பினும் அதனால் அது தள்ளப்படாது. ஆகவே ‘வர்ஜீனியானம்’ என்பதே இன்று ஏற்கப்பட்ட பெயர். எனினும், ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூல் ‘சாந்தோகார்ப்பம்’ என்றும், இந்திய ஆயுர்வேத மருந்து நூல் ‘சூரத்தென்ஸ்’ என்றும் வழங்குவதால், மூன்று பெயர்களும் இன்னும் புழக்கத்திலுள்ளன.

தமிழ்ப் பெயரிலும் மயக்கம் இல்லாமலில்லை. தசமூலத்தில் சேரும் மற்றொரு காட்டுக் கத்தரி இனம் முள்ளி எனப்படும். அதற்கு வழங்கிய ‘சொலானம் இண்டிகம்’ என்ற பெயர், பல செடிகளுக்கும் பொதுவாய்க் குழம்பியமையால் சாஸ்திரிகளால் அறவே நீக்கப்பட்டது. நீர்முள்ளி, செம்முள்ளி என்பன பெயரளவில் ஒத்தவை, குடும்பத்தாலும் வேறானவை.

ஆதலால் விவசாயிகள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்:

1. பெயரை நம்பாது செடியைப் பார்க்கவும். கண்டங்கத்திரி தரையில் படரும், இலையின் இரு புறமும் மஞ்சள் நிற நேர்முட்கள் உண்டு, பூ ஊதா, காய் பச்சையில் வெண்வரியுடையது, கனி மஞ்சள். முள்ளி நிமிர்ந்து வளரும் புதர். தூதுவளை வளைந்த முட்களுடன் பற்றி ஏறும். அதன் கனி சிவப்பு.

2. வியாபாரியிடம் வேர் மட்டுமா, முழுச் செடியுமா என்பதை முன்னரே கேட்டு, மாதிரிச் செடியொன்றைக் காட்டி ஒப்புதல் பெறவும்.

3. சொந்த நிலத்திலேயே பறிக்கவும். மலையடிவாரத்தில் 2021-இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தினுள் அனுமதியின்றிச் செடி பிடுங்குதல் குற்றமாகும்.

4. கத்தரித் தோட்டத்தருகே இதனை விட்டு வைக்கலாகாது. கத்தரியைத் தின்னும் புள்ளிவண்டு காட்டுக் கத்தரி இனங்களிலும் தங்கிப் பெருகும்.

கிராம அலுவலர்கள் இச்சரக்கைப் பற்றிச் சான்று எழுத நேரின், தமிழ்ப் பெயரோடு ஏற்கப்பட்ட தாவரப் பெயரையும், வழங்கிவரும் பழம்பெயர்களையும் சேர்த்து, செடி எடுக்கப்பட்ட நிலத்தின் சர்வே எண்ணையும் குறித்தால், பின்னர் வழக்கிற்கு இடமிராது.