பிள்ளையின் குடல் நோயும் சென்னைப் பயணமும்

என் ஒன்றுவிட்ட அக்காவின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஏழு மாதமாக வயிற்றுக்குத்து, வயிற்றோட்டம், சில நாட்களில் மலத்தோடு இரத்தம். வகுப்பில் எல்லாரையும்விடக் கட்டையாகிப் போனான். யாழ்ப்பாணத்தில் பார்த்த வைத்தியர் கொழும்பிலுள்ள சிறுவர் சமிபாட்டு நோய் நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறினார்கள்.

அங்கே கொலனோஸ்கொப்பி செய்து, குரோன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். இன்ஃபிளிக்ஸிமாப் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றினார்கள். இரண்டு கிழமைக்குள் பிள்ளை எழும்பி ஓடினான். சிக்கல் ஊருக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. அந்த மருந்தை முதல் தடவைக்குப் பின் இரண்டாம் கிழமையிலும் ஆறாம் கிழமையிலும், அதன் பிறகு எட்டுக் கிழமைக்கு ஒருமுறையும் ஏற்ற வேண்டும். யார் ஏற்றுவது, எங்கே வாங்குவது, 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் எப்படிக் கொண்டுவருவது என்று போகும்போது ஒருவரும் கேட்கவில்லை. இடைவெளி விழுந்தால் உடம்பு அந்த மருந்துக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை உண்டாக்கலாம். மீண்டும் ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம். மருந்து பலிக்காமலும் போகலாம்.

குரோன் நோயும் அதைப் போன்ற இன்னொரு குடல் நோயான பெருங்குடல் புண் அழற்சியும் குடல்வால் வெட்டுவதைப் போல ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. பிள்ளை வளர்ந்து ஆளான பிறகும் கூடவே வரும். ஆகவே எந்த ஊர், எந்த வைத்தியசாலை என்று தேடுவதற்கு முன்னர், திரும்பி வந்த மறுநாள் பிள்ளை எந்த வைத்தியரின் கையில் இருக்கும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பெற்றோரைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டை நேரில் கண்டவர்களுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் தோன்றும்.

விசாவின் கணக்கையே பாருங்கள். இந்தியாவின் இலத்திரனியல் மருத்துவ விசா 60 நாட்களுக்கானது; மூன்று தடவை உள்நுழையலாம்; உதவிக்கு இருவர் போகலாம். முதல் மூன்று ஏற்றல்கள் 42 நாட்களில் முடிந்துவிடும். நான்காவது 98ஆம் நாளில் வருகிறது. அந்த நான்காவது ஏற்றலுக்கு இடம் குறிக்காமல் முதலாவதற்குச் சம்மதிக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

நோய் இன்னதென்று உறுதியாவதிலும் அவசரம் கூடாது. நம் பகுதியில் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் வரும் காசநோய், குரோன் நோயைப் போலவே தோற்றம் காட்டும். காசநோயைக் குரோன் என்று எடுத்து ஸ்டீரொய்டோ இன்ஃபிளிக்ஸிமாப்போ கொடுத்தால் தொற்று உடம்பெங்கும் பரவலாம். காசநோய் இல்லை என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்று வைத்தியரிடம் கேளுங்கள். நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். மிகச் சிறு வயதில், முக்கியமாக இரண்டு வயதுக்குள் நோய் தொடங்கியிருந்தால் மரபணுக் குறைபாடு காரணமாக இருக்கலாம். அத்தகைய சில பிள்ளைகளுக்கு எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைதான் வழி. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பயணம் உண்மையிலேயே தேவைப்படலாம்.

வேறு சிலருக்கு விமானமே தேவைப்படாது. குரோன் நோயுள்ள பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை வரை வேறு உணவில்லாமல் திரவ ஊட்ட உணவு மட்டும் கொடுப்பது, பல நாடுகளில் முதல் தெரிவாக இருக்கும் சிகிச்சை. ஸ்டீரொய்டைப் போல இது வளர்ச்சியைத் தடுக்காது. பெருங்குடல் புண் அழற்சிக்கு இது பயன்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைச் செய்யப் பிள்ளையின் பிடிவாதத்தைச் சமாளிக்கும் தாயும், கிழமைதோறும் எடை பார்க்கும் கிளினிக்கும் வேண்டும். இரண்டும் ஊரிலேயே உண்டு.

ஸ்டெம் செல் ஊசியால் குடல் நோயை அடியோடு மாற்றுவோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மச்சை மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகளை ஆய்வாகத்தான் கருதுகிறது. ஆய்வில் சேர்க்கும் பிள்ளையிடம் காசு கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். இன்னொருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தும் சிகிச்சையும் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. அப்படிச் செலுத்தியபோது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி பரவி ஒருவர் இறந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் அறிவித்து எச்சரித்தது. பிறகு அது அனுமதித்த தயாரிப்புகளும் மீண்டும் மீண்டும் வரும் ஒரு குறிப்பிட்ட குடல் தொற்றுக்கு, 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே.

முகவர்கள் விடயம் தனி. விசா, தங்குமிடம், வைத்தியசாலை எல்லாம் ஒரே கையில் என்பது பதற்றத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஆறுதல்தான். ஆனால் நோயாளியை அனுப்பியதற்காக வைத்தியர் தரகு கொடுப்பதையும் வாங்குவதையும் இந்தியாவின் 2002 மருத்துவ ஒழுக்க விதிகள் தடைசெய்கின்றன. அந்தத் தரகு கடைசியில் உங்கள் பில்லில்தான் ஏறும். செலவு மதிப்பீட்டை முகவரின் வாயிலிருந்து கேட்காமல், வைத்தியசாலையிடமே எழுத்தில் வாங்குங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் கூடினால் எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும்.

அங்கே போய் இறங்கியவுடன் நாம் வெளிநாட்டவர், கேள்வி கேட்டால் பிள்ளையைக் கவனிக்க மாட்டார்கள் என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் வேண்டாம். இந்திய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயத்தை மத்திய சுகாதார அமைச்சு 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. இரண்டாவது வைத்தியரின் கருத்தைக் கேட்பது, மருந்தை விரும்பிய இடத்தில் வாங்குவது, பில் தகராறுக்காகத் தடுத்துவைக்கப்படாமல் இருப்பது எல்லாம் அதில் உரிமைகளாகச் சொல்லப்பட்டுள்ளன. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அதே 2002 விதிகளில் இருக்கிறது.

இந்த 72 மணி நேரத்தைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். கையில் தரும் இரண்டு பக்கச் சுருக்கம் போதாது. கொலனோஸ்கொப்பிப் படங்கள், திசுப் பரிசோதனைக் கண்ணாடித் தகடுகள், முடிந்தால் திசு பதித்த மெழுகுக் கட்டி, ஏற்றிய மருந்தின் பெயர், அளவு, தொகுதி இலக்கம் எல்லாம் வேண்டும். தகடுகள் இருந்தால் கொழும்பிலுள்ள நோயியல் நிபுணர் அவற்றை மீண்டும் பார்க்க முடியும். பிள்ளையை மறுபடி மயக்க வேண்டிவராது. ஊரிலிருந்து போகும்போது வளர்ச்சி வரைபடமும் தடுப்பூசிப் பதிவும் உள்ள சுகாதாரக் கொப்பியை மறவாதீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கிவிட்டால், சின்னமுத்து போன்றவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகளைப் போட முடியாது. விடுபட்டவை இருந்தால் முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

“ஊருக்குப் போங்கள், வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்வோம்” என்பதை நம்பித்தான் பலர் திரும்பி வருகிறார்கள். இந்தியாவின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டி அந்நாட்டு எல்லைக்கு வெளியே செய்யும் ஆலோசனைக்குப் பொருந்தாது. அந்த வைத்தியர் மனமிரங்கிப் பதில் சொல்லலாம்; நள்ளிரவில் இரத்தம் போனால் வந்து பார்க்க அவரால் முடியாது. மருந்து விடயத்திலும் முன்கூட்டி விசாரிக்க வேண்டும். அது இலங்கையில் பதிவுபெற்றதா, இல்லாவிட்டால் கொண்டுவர என்ன அனுமதி வேண்டும் என்பதைத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையிடம் கேட்டறியுங்கள்.

தவறு நடந்துவிட்டால் வழி உண்டு. காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கட்டிய தொகை 50 இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். இணையவழி முறையிடலாம், காணொளி விசாரணைக்கும் விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் நடத்தை பற்றியது என்றால் தமிழ்நாடு மருத்துவக் கழகத்துக்கு எழுதுங்கள். இரண்டுக்கும் ரசீதுகளும் சம்மதப் படிவத்தின் பிரதியும் இல்லாமல் எதுவும் நகராது. வைத்தியசாலையின் பெயரில் ரசீது தராத முகவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

மேசையில் கிடந்த கொழும்புக் கடிதத்தை அக்கா ஐந்து மாதம் கழித்து எடுத்தார். சென்னையில் கொடுத்த மருந்துக்கு ஒவ்வாமை வந்துவிட்டதால் வேறு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அவனுக்கு இந்த மாதம் ஒரு கிலோ கூடியிருக்கிறது. அடுத்த கிளினிக் திகதியை அவனே கொப்பியின் முன் அட்டையில் எழுதிவைத்திருக்கிறான்.