பேசும் புலியும் நம் வீட்டுப் பிள்ளையும்



சிறுவர் கதைப் புத்தகம் ஒன்று திரைப்படமாக வெளிவருகிறது என்றால் நம் இல்லங்களில் பல குரல்கள் எழுவதுண்டு. "புலி பேசுமாம், கரடி பாடுமாம்! பொய்யைக் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்" என்பார் வீட்டுப் பெரியவர். "நடுராத்திரியில் அலறி எழுந்தால் யார் பார்ப்பது?" என்பார் தாய். "எல்லாரும் போகிறார்கள், நாங்களும் போகவேண்டும்" என்று பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். தந்தையோ கட்டணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பொன்னேரிக் கடைவீதியை அடுத்த வீடானாலும், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குடியிருப்பானாலும் இந்தக் காட்சியில் பெரிய மாற்றம் இருப்பதில்லை.

இவர்களுள் யார் சொல்வது சரி? அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை முன்வைத்துச் சிந்திப்போம்.

தணிக்கைக் குழுவின் அச்சம்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் 'தி ஜங்கிள் புக்' என்னும் படம் இந்தியாவில் திரையிடப்பட்டது. அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளிலும் இங்கே வந்தது. ஓநாய்களால் வளர்க்கப்பட்ட மௌக்லி என்ற சிறுவனின் கதை அது. மும்பையில் 1865இல் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட நூலே அதற்கு மூலம். கதை நிகழும் களமும் நம் நாட்டின் சிவனி மலைக்காடுகளே. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ளவை.

சிறுவர் படம்தானே, எல்லாரும் பார்ப்பதற்குரிய 'யு' சான்றிதழ் கிடைக்கும் என்று பலரும் எண்ணியிருந்தனர். தணிக்கைக் குழுவோ 'யு/ஏ' சான்றிதழ் வழங்கியது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கவேண்டும் என்பது அதன் பொருள். முப்பரிமாணக் காட்சியில் விலங்குகள் நம்மீதே பாய்வது போலத் தோன்றுவதால் சிறுவர்கள் மிரளக்கூடும் என்று அன்றைய தணிக்கைக் குழுத் தலைவர் பஹ்லாஜ் நிஹலானி காரணம் கூறினார். திரையுலகினர் பலர் இதைக் கேலி செய்தனர். மக்களோ குடும்பம் குடும்பமாகத் திரையரங்குகளுக்குச் சென்றனர். அதுவரை இந்தியாவில் வெளியான ஹாலிவுட் படங்களில் மிகுதியான வசூலைப் பெற்ற படமாக அது விளங்கியது.

கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்தார்கள். 'யு/ஏ' என்பது தடை அன்று; பொறுப்பைப் பெற்றோரின் கையில் ஒப்படைக்கும் முத்திரை. 1983 முதல் நடைமுறையில் இருந்துவரும் இச்சான்றிதழ், 2023இன் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு 7, 13, 16 ஆகிய வயதுகளை ஒட்டி மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆனால் சுவரொட்டியின் மூலையில் உள்ள அந்தச் சிறு எழுத்தை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்?

எந்தக் காட்சி சுடும்?

தணிக்கைக் குழு அஞ்சியது புலியின் பாய்ச்சலை. அந்த அச்சம் நியாயமானதே. சின்னஞ்சிறு பிள்ளைகள் உருவத்தையும் ஓசையையும் கண்டே மிரள்வார்கள். கற்பனை வேறு, உண்மை வேறு எனப் பகுத்தறியும் ஆற்றல் அவர்களுக்குச் சிறிது சிறிதாகத்தான் வாய்க்கிறது. ஆனால் அப்படத்தில் அதைவிட ஆழமாகத் தைக்கும் இடங்கள் உள்ளன. ஷேர்கான் என்னும் புலி மௌக்லியின் தந்தையைக் குகையில் கொன்றுவிடுகிறது. வளர்ப்புத் தந்தை போன்ற ஓநாய்த் தலைவன் அகேலாவையும் மலை முகட்டிலிருந்து தூக்கி எறிந்து கொல்கிறது.

ஏரிக்கரைப் பிள்ளை ஒன்று இந்தக் காட்சியைப் பார்ப்பதாக எண்ணிப் பாருங்கள். அதன் தந்தை இருட்டோடு படகேறிப் போகிறவர். காற்று மாறினால் வீடே வாசலில் வந்து நிற்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிய கதையை அந்த வீட்டார் இன்றும் பேசிக்கொள்வார்கள். அப்பிள்ளைக்குப் புலியின் பாய்ச்சல் ஒரு நொடி அதிர்ச்சி. தந்தையை இழந்த மௌக்லியோ நெடுநாள் துயரம். தந்தை வளைகுடா நாட்டில் உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இதுவே நிலை. எந்தப் பிள்ளையை எந்தக் காட்சி சுடும் என்பதை எந்தத் தணிக்கைக் குழுவும் அறியாது. பெற்றவர்களே அறிவார்கள்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. கிப்ளிங்கின் புத்தகத்தில் மௌக்லியின் தந்தையைப் புலி கொல்வதில்லை. விறகுவெட்டிகள் மூட்டிய நெருப்பில் பாய்ந்து புலி தன் காலைச் சுட்டுக்கொள்கிறது; அந்தக் குழப்பத்தில் குழந்தை தனித்து ஓநாய்க் குகைக்குள் தவழ்ந்து வந்துவிடுகிறது. படத்தில் மௌக்லியை விழுங்கத் துடிக்கும் 'கா' என்னும் மலைப்பாம்பு, புத்தகத்தில் அவனைக் குரங்குக் கூட்டத்திடமிருந்து மீட்கும் நண்பன். விறுவிறுப்புக்காகத் திரைப்படம் கூட்டியும் குறைத்தும் சொல்கிறது. புத்தகத்தை முன்பே படித்துக் காட்டினால், "இது படத்துக்காகச் சேர்த்தது" என்று பிள்ளையே உங்களுக்குச் சொல்லும். அச்சத்தைக் குறைக்க அதைவிட நல்ல மருந்து வேறில்லை.

பெரியவர்களின் ஐயம்

இனி, "விலங்கு பேசுவதாவது, எல்லாம் பொய்" என்னும் பெரியவரின் சொல்லுக்கு வருவோம். மார்க்கப்பற்றிலிருந்தும் பேரப்பிள்ளைகள் மீதுள்ள பாசத்திலிருந்தும் பிறக்கும் சொல் அது, அலட்சியப்படுத்தலாகாது. ஆனால் நம் மரபையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நபி சுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு எறும்பு தன் கூட்டத்தை எச்சரித்ததும், ஹுத்ஹுத் பறவை சபாவின் செய்தியைக் கொண்டுவந்ததும் திருமறையின் 27ஆம் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளன. அவை இறைவனின் அத்தாட்சிகள். கற்பனைக் கதைகளோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. எனினும் கற்பனைக் கதைகளும் நம் முன்னோருக்கு அந்நியமாக இருந்ததில்லை. பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் சென்று, 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பவரால் 'கலீலா வ திம்னா' என்ற பெயரில் அரபு மொழிக்கு வந்தன. அதில் பேசுபவை நரிகளும் சிங்கங்களும் காளைகளுமே. 10ஆம் நூற்றாண்டில் பஸராவின் 'இக்வானுஸ் ஸஃபா' அறிஞர்கள், விலங்குகள் மனிதர்மீது வழக்குத் தொடுப்பதாகவே ஒரு கதை எழுதினார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதுபற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவியபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையவர்கள் சொல்ல, நாயகம் அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததையும் அபூதாவூத் நூலில் காண்கிறோம். குழந்தையின் கற்பனைக்கு மார்க்கம் முகம் சுளிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆபாசமும் இணைவைப்பும் கலந்தவற்றை விலக்குவது வேறு. கற்பனை என்பதற்காகவே விலக்குவது வேறு.

நாம் செய்யவேண்டியவை

பிள்ளையைப் படத்துக்கு அனுப்பாதீர்கள், அழைத்துச் செல்லுங்கள். இன்று கைபேசியிலேயே படம் ஓடுகிறது. அங்கும் இதுவே விதி: பக்கத்தில் அமருங்கள். கதையில் யார் இறக்கிறார் என்பதை முன்னதாகவே அறிந்து வையுங்கள். மிரளும் குழந்தையின் முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று ஏளனம் செய்யாதீர்கள். சற்று வளர்ந்த பிள்ளையிடம் உண்மையை விளக்குங்கள். அந்தக் காடு லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் படப்பிடிப்புக் கூடத்தில் உருவானது; புலியும் கரடியும் கணினியில் வரையப்பட்டவை; மௌக்லியாக நடித்த நீல் சேத்தி பல காட்சிகளில் பொம்மைகளைப் பார்த்தே பேசினான். இதைக் கேட்டால் அச்சம் ஆர்வமாக மாறும்.

வீடு திரும்பியதும், "உனக்கு எது பிடித்தது? எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். வறட்சியில் ஆறு வற்றியபோது, நீர் அருந்த வருவோரை எவரும் வேட்டையாடக்கூடாது என்று விலங்குகள் காக்கும் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுங்கள். பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் முறைவைத்து வலையிட்டுவரும் 'பாடு' வழக்கத்தை அதனோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். பசித்தவர்கள் பலராக இருக்கும்போது பங்கிடும் நெறியே எல்லாரையும் வாழவைக்கிறது என்பது பிள்ளையின் மனத்தில் பதியும்.

இன்னொன்று மிக முக்கியம். மறுநாள் சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம், "ஷேர்கான் வருவான்" என்று மிரட்டாதீர்கள். படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தப் புலியை வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டிவைப்பது நாமாக இருக்கலாகாது.

கிப்ளிங் தம் கதைகளைத் தாளில் எழுதியதோடு நிற்கவில்லை. அந்நூலின் பிரதி ஒன்றில் மூத்த மகள் ஜோசஃபினுக்காகத் தம் கையாலேயே குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் குழந்தை 1899இல் தன் ஆறாம் வயதில் நிமோனியாவால் இறந்துபோனது. ஆங்கில ஏகாதிபத்தியத்தை ஆதரித்த அவருடைய அரசியலை நாம் ஏற்க இயலாது. ஆயினும் தந்தை ஒருவர் தம் குழந்தைக்குச் சொன்ன கதை என்ற வகையில் அதன் அருமை குறைவதில்லை.

வாசகப் பெருமக்களே! பிள்ளைகள் கதை கேட்டே தீருவார்கள். நாம் சொல்லாவிட்டால் திரை சொல்லும். நாமும் உடனிருந்தால் திரை சொல்வதும் நம் கதையாகிவிடும். பெரியவர் எறும்பின் வரலாற்றைச் சொல்லட்டும். தாய் புத்தகத்தைப் படித்துக் காட்டட்டும். தந்தை பக்கத்து இருக்கையில் அமரட்டும். திரையில் புலி பாயும் நொடியில் அந்தச் சின்னஞ்சிறு கை இருட்டில் துழாவும். அது பற்றிக்கொள்ள நம் கை அங்கே இருக்கட்டும்.